மாமா கேட்ட பவளம்

சென்ற தீபாவளி விடுமுறை முடிந்து திருக்குறள் விரைவு வண்டியில் டில்லிக்குத் திரும்பினேன். நிஜாமுதீன் நிலையத்தில் என் தாய்மாமன் காத்துக்கொண்டு நின்றார். நான் இங்கே படிக்க வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. என்னை அழைத்துப் போக அவர் நிலையத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை! "வாங்க மருமகனே" என்று வாய் சொல்லிற்று. கண்ணோ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பைகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு பையில் அம்மா கொடுத்தனுப்பிய மக்ரூன். மற்றொன்றில் அத்தைக்கென்று கட்டிய கருவாடு. மூன்றாவது பை இல்லை.

"எங்கே அது?" என்றார்.

"கொண்டு வரல மாமா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. வேண்டாம்னு விட்டுட்டேன்."

கரோல்பாக் போய்ச் சேரும்வரை மாமா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டது தங்கமோ பட்டோ அன்று. நம் மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள மென்பவளம் ஒன்று. அவருடைய வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு. ஏன் கொண்டுவரவில்லை என்பதை அன்று அவரிடம் சரிவரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். இது மாமாவுக்கு மட்டும் உரிய விடையன்று. நம் மன்றத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர் பலர். ஊருக்குப் போய்வரும்போது கையோடு ஒரு பவளக்கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் அழகுக்கு வைத்திருப்போரை விடுதியிலேயே பார்க்கிறேன். அவர்களுக்கும் இது உரியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டியில் மென்பவளம் வளர்ப்பது குற்றமன்று, நல்ல பொழுதுபோக்கு, நல்ல படிப்புங்கூட. ஆனால் தொட்டி ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆயத்தமான பின்பும் கடலில் கை வைக்காமல், வேறொரு தொட்டியில் வளர்ந்ததன் துண்டையே பெறவேண்டும். இந்த இரண்டுக்கும் மனமில்லாதவர் மீன் மட்டும் வளர்த்தால் போதும்.

பவளம் எது?

பவளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பாட்டியின் கழுத்திலிருந்த சிவப்பு மாலை. அது நம் கடலில் விளைந்ததன்று. மத்தியதரைக் கடலில் விளைந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலே, நம் மேலைக் கடற்கரைத் துறைகளில் வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம் கடலோரத்தில் கிடக்கும் வெள்ளைக் கல்லோ பாறை கட்டும் வன்பவளத்தின் எலும்பு. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது கூட்டமே மென்பவளம்.

பார்வைக்கு அது செடி, உண்மையில் விலங்கு. அதுவும் ஒரு விலங்கன்று, பல நூறு சிறு விலங்குகள் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையின் இருபுறமும் இறகுபோல் சிறு கிளைகள். வன்பவளத்துக்குக் கைகள் ஆறு, அல்லது ஆறின் மடங்கு. வன்பவளம் தன் அடியில் கல் கட்டிக்கொண்டு அதன்மேல் வாழ்கிறது. மென்பவளத்துக்கு அந்தக் கல் இல்லை; தசைக்குள் சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே நீரோட்டத்துக்கேற்ப அது அசைந்தாடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பாட்டியின் மாலைப் பவளத்துக்கும் எட்டுக் கைகளே! கல்லாய் இறுகிக் கிடந்தாலும் அது மென்பவளத்துக்குத்தான் உறவு.

காளான் குடைபோல் விரியும் சார்கோஃபைட்டான், விரல் விரலாய்க் கிளைக்கும் சினுலேரியா, கையைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் சீனியா ஆகியவை வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படுபவை. இவற்றின் தசைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஸூசாந்தெல்லே என்று அவற்றுக்குப் பெயர். பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்குப் பங்கு தருகிறது. பவளம் தன் கழிவை அதற்கு எருவாகத் தருகிறது. நல்ல குடித்தனம்! ஆனால் நீர் அளவுக்கு மேல் சூடானால் அந்தக் குடித்தனம் முறிகிறது. பாசி வெளியேறப் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் 1998-இலும் 2010-இலும் 2016-இலும் இப்படிப் பவளங்கள் வெளுத்தன. உலகக் கடல்கள் பலவற்றிலும் பரவிய நான்காவது பெரும் வெளுப்பை 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். கடலிலேயே இந்தப் பாடு என்றால், கரோல்பாகில் மூன்றாம் மாடியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் என்ன பாடு என்று எண்ணிப் பாருங்கள்.

அவசரத்தின் விலை

மாமா தொட்டி வைத்தது சென்ற ஏப்ரலில். 4 அடி நீளம். 240 லிட்டர் நீர். சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. அதற்கென விற்கும் கலவை உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தோம். குழாய்த் தண்ணீர் ஆகாது என்று சுத்திகரித்த நீரையே ஊற்றினோம். விளக்கு வந்தது, நீரைச் சுழற்றும் பம்பு வந்தது. மூன்றாம் வாரமே மாமா ஒரு கடையிலிருந்து மூன்று மீன்களையும், உள்ளங்கையளவு சார்கோஃபைட்டான் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டார். அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. விலங்கியல் முதுகலை படிக்கும் நானும் கேட்கவில்லை!

பவளம் விரியவில்லை. சுருங்கிய தோல்போல் கிடந்தது. "வெளிச்சம் போதல" என்று மாமா அதை மேலே வைத்தார். மறுநாள் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று கீழே வைத்தார். அதற்கடுத்த நாள் "ஓட்டம் பத்தல" என்று பம்புக்கு நேரே வைத்தார். நானும் உடன் நின்று ஆலோசனை சொன்னேன். வீடு மாற்றிக்கொண்டே இருந்தால் மனிதனுக்கே பசி எடுக்காது. அதற்கு எப்படி எடுக்கும்?

அது மே மாதம். டில்லி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறைந்தது. குறைந்ததை ஈடுசெய்ய மாமா ஒழுங்காக உப்புநீரைக் கரைத்து ஊற்றி வந்தார். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது பள்ளிப் பாடம். உப்பளத்து ஊரில் பிறந்த எங்கள் இருவருக்கும் அது நினைவு வரவில்லை! 1.025 இருக்கவேண்டிய அடர்த்தி எண் 1.031 காட்டிய அன்று எனக்குத் தலை சுற்றியது. குறைந்த நீருக்கு நன்னீரையே ஊற்றவேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் பவளத்தின் அடி கறுத்தது. ஒரு காலையில் வீடு முழுவதும் நாற்றம். அழுகிய பவளம் தொட்டியை நஞ்சாக்கியது. மீன்கள் மூன்றும் மாலைக்குள் மிதந்தன. மாமாவின் மகள், ஒன்பது வயதுக் குழந்தை, "அத்தான், நீங்க இதைத்தானே படிக்கிறீங்க?" என்று கேட்டாள். கேள்வியில் கேலி இல்லை. அதனால்தான் அது தைத்தது.

அதற்குப் பிறகுதான் நான் புத்தகத்தைப் புரட்டினேன். புதுத் தொட்டி என்பது பட்டா போட்ட வெறும் மனை. அதில் இன்னும் ஊர் இல்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அது பெருந்தீங்கில்லாதது. இந்த இருவகை நுண்ணுயிரும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதித்துப் பார்க்கையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று வந்த பிறகே உயிர்களை விடலாம். பவளத்துக்கோ அதற்கப்பாலும் சில மாதம் பொறுப்பது நல்லது. நீரின் சூடும் உப்பும் ஒரே நிலையில் நிற்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். எண் சரியாக இருப்பதைவிட, எண் மாறாமல் இருப்பதே பவளத்துக்கு முக்கியம்.

ஜூலையில் தொட்டியைக் கழுவி மறுபடி தொடங்கினோம். ஆனால் மாமாவுக்குக் கடைகளின்மேல் நம்பிக்கை போய்விட்டது. "கடைச் சரக்குதான் பொய். நீ தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ நம்ம கடல்லேருந்தே ஒண்ணு எடுத்துட்டு வந்துரு. தாத்தாவுக்குத் தெரியாத பாரா?" என்றார். பழியைக் கடையின்மேல் போட்டுவிட்டால், நம் அவசரத்துக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது அல்லவா?

தாத்தா சொன்னது

என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். இப்போது எண்பதைக் கடந்துவிட்டார். சங்கு குளிக்காத மாதங்களில் அவர் செய்த வேறொரு வேலையை அதுவரை நான் அறிந்ததில்லை. மாமா கேட்டதைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரிக்கவில்லை.

"எத்தனை வேணுமாம் உன் மாமனுக்கு?"

"ஒண்ணே ஒண்ணு தாத்தா."

"நாங்களும் ஒரு வல்லம்தாம்ல எடுத்தோம். அடுத்தவனும் ஒரு வல்லம்தான் எடுத்தான்."

கடப்பாரையால் பவளப்பாரை நெம்பி, கல்லை வல்லத்தில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கு விற்றிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் பல பத்தாண்டுகள் இப்படிக் கல் போயிற்று. கூலி கிடைத்தது, என் அம்மாவின் பள்ளிப் படிப்புச் செலவுக்கும் அந்தக் கூலி உதவியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பவளப்பார் என்பது தீவுக்கு மதில். மதிலை இடித்தால் அலை நேரே கரையைத் தின்னும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. வெட்டியெடுத்த கல்லும் அதற்கொரு காரணம். தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும் அவ்வழியே தேய்ந்து வந்தது. அதைக் காக்க 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கினார்கள். கடல் இனாமாகக் கட்டிக்கொடுத்த மதிலை உடைத்துவிட்டு, நாம் பணம் கொடுத்து மதில் கட்டுகிறோம்!

"பார் போச்சுன்னா மீன் எங்க போய் அடையும்? அது அப்பத் தெரியல" என்றார் தாத்தா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வெறுங்கையோடு நான் வண்டியேறியதற்குக் காரணம் அதுதான்.

சட்டமும் கடலும்

சட்டமும் இதையே சொல்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட இத்தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் வன்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழற்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-இல் சேர்க்கப்பட்டன. முதல் அட்டவணை என்றால் புலியும் யானையும் இருக்கும் இடம். உங்கள் மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருக்கும் அந்த வெள்ளைக் கல் செத்ததாயினும் சட்டத்துக்கு உட்பட்டதே. "தோல்போன்ற மென்பவளத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே" என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் எந்த உயிரையும் அனுமதியின்றி எடுக்கலாகாது என்பதே அவருக்கு விடை.

சட்டத்தை விடுங்கள், வரலாற்றைப் பாருங்கள். கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்க்கும் பழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-இல் அவர் இதற்கென ஒரு நூல் எழுதினார். நல்ல மனிதர், கடலுயிர்களை உள்ளபடி நேசித்தவர். அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1907-இல், அவருடைய மகன் எட்மண்ட் காஸ் தம் இளமை நினைவுகளை எழுதினார். சிறு பிள்ளையாய்த் தந்தையோடு தாம் குனிந்து பார்த்த டெவன் கரைப் பாறைக்குட்டைகள் எல்லாம் அந்தப் படையெடுப்பால் சூறையாடப்பட்டு வெறுமையாகிவிட்டன என்று வருந்துகிறார். எடுத்தவர் எவரும் கெட்டவரல்லர். ஒவ்வொருவரும் எடுத்தது ஒன்றோ இரண்டோதான். என் தாத்தா சொன்ன ஒரு வல்லத்தின் கதையே இது!

இரு மறுப்புகள்

இதைப் படிப்போரில் இரு சாரார் எனக்கு மறுப்புரைப்பர் என்பது எனக்குத் தெரியும்.

"அப்படியானால் தொட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடேன், கடலில் இருப்பதைக் கடலில் விடு" என்பார் ஒரு சாரார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1961-இல் இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், உயிர்வாழும் கற்களையும் காற்றுக்குமிழியையும் மட்டும் கொண்டு தொட்டியில் பவளத்தை வாழவைத்த முறையை எழுதி வெளியிட்டார். தொட்டி வளர்ப்போர் கற்றது கொஞ்சமன்று. பவளத்தை வெட்டினால் சாகாது, துண்டு துளிர்க்கும் என்று கண்டு அதைக் கைப்பழக்கமாக்கியவர்களுள் அவர்களும் உண்டு. அதே முறையில் தூத்துக்குடிக் கடலிலேயே அழிந்த பார்களில் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். பார்த்தறியாத ஒன்றை நேசிப்பவர் யார்? மாமாவின் மகள் டில்லியில் பிறந்தவள். கடலை அவள் பார்த்தது இரண்டே முறை. எட்டுக் கைகளை எண்ணத் தெரிந்த பிறகு, பவளம் வெளுத்தது என்ற செய்தி அவளுக்கு வெறும் செய்தியாக இராது.

"கடல் எவ்வளவு பெரிது! ஒரு துண்டினால் என்ன குறைந்துவிடும்?" என்பார் மறுசாரார். தாத்தாவைத் தவிர அவர்களுக்கு வேறு விடை என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். உலகப் பவளப்பாறை ஆய்வாளர்களின் முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1969 சனவரியில் எங்கே நடந்தது, தெரியுமா? இலண்டனிலன்று, சிட்னியிலன்று, நம் மண்டபம் முகாமில்! உலகம் பவளத்தைப் படிக்க முதலில் கூடிய கரையிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டாமா?

இரண்டாம் வரவு

மாமாவின் கோபம் மூன்று வாரம் நீடித்தது. டிசம்பரில் நொய்டாவில் ஒரு வங்காளி அன்பரைக் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்றவர், நெடுநாளாகத் தொட்டி வைத்திருப்பவர். தம் தொட்டியில் வளர்ந்த சார்கோஃபைட்டானிலிருந்து எங்கள் கண்முன்னே சவர அலகால் கட்டைவிரலளவு துண்டொன்றை வெட்டினார். அதை ஒரு சிறு கல்மேல் ரப்பர் வளையத்தால் தளரக் கட்டிப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை. "பெருசானதும் நீங்களும் ஒருத்தருக்குக் கொடுங்கள்" என்று இந்தியில் சொன்னார். மாமாவின் முகம் அப்போதே இளகியது.

இம்முறை அவசரப்படவில்லை. பையைத் திறவாமல் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டோம், சூடு சமமாயிற்று. பிறகு பவளத்தை ஒரு கிண்ணத்தில் இட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாய்வழிச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டோம், உப்பும் சமமாயிற்று. ஒட்டி வந்த பூச்சிகள் போக, அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் அலசினோம். இரண்டு தட்டைப்புழுக்கள் கழன்று விழுந்தன. கிண்ணத்து நீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. தொட்டியின் அடியில், ஒளி மட்டாக இருக்கும் இடத்தில், ஓட்டம் நேரே அடிக்காமல் வைத்தோம். அத்தை ஒரு காகிதத்தில் "தொடாதே" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். அது குழந்தைக்கல்ல, மாமாவுக்கு!

ஒன்பது நாள் அது திறக்கவில்லை. மேலே மெழுகுபோல் ஒரு படலம் மூடியது. ஜூன் மாதமாயிருந்தால் செத்தது என்று எடுத்து எறிந்திருப்போம். ஆனால் தோல் உரிப்பது இந்த இனத்தின் இயல்பு. பாசியும் அழுக்கும் படிந்த மேல்தோலைக் கழற்றிவிட்டே அது புதிதாய் விரியும். பத்தாம் நாள் மாலை படலம் கிழிந்து நீரோட்டத்தில் போயிற்று. உள்ளிருந்து ஒவ்வொன்றாய்க் கைகள் நீண்டன. குழந்தை எட்டு வரை எண்ணினாள். மாமா ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விடுதிக்கு நான் வந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன், ரொட்டி இறங்கவில்லை. அந்த வாரத்தில் யாராவது என்னை அறைக்கு அறை மாற்றியிருந்தால் நான் அடுத்த வண்டியில் ஊருக்குப் போயிருப்பேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை உண்டு. மென்பவளம் சாதுவாகத் தோன்றினாலும் அண்டை வீட்டாரோடு நஞ்சால் போர் செய்யும். டெர்பீன் என்னும் சேர்மங்களை நீரில் விட்டுப் பக்கத்துப் பவளத்தை ஒடுக்கும். ஆகவே இடைவெளி வேண்டும். வடிகட்டியில் கிளர்வூட்டிய கரித்தூள் வேண்டும். மீனுக்கு நோயென்று தாமிர மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் பவளம் அன்றே போய்விடும். இரண்டாவது, உயிரையே தொடும் செய்தி. மென்பவளங்களோடு சேர்த்து விற்கப்படும் பாலிதோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971-இல் ஹவாய்த் தீவில் கிடைத்த ஓர் இனத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைப்பதும், உலர்த்திச் சுரண்டுவதும் கூடாது. ஆவியாகவும் தூளாகவும் நஞ்சு மூச்சில் ஏறும். அப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்கள் மேல்நாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

போனவழி வரலாகாது

கடலிலிருந்து எடுக்காதீர் என்றேன். அதைவிட அழுத்தமாக ஒன்று சொல்லவேண்டும்: தொட்டியிலிருந்து கடலில் விடாதீர்! மாற்றலாகிப் போகிறவர், சலித்துப்போனவர், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று தொட்டி உயிர்களைக் கடலில் விடுவதுண்டு. அது கருணையன்று. வெனிசுலா நாட்டின் மொச்சிமாக் கரையில், இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த உனோமியா என்னும் மென்பவளம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிபுகுந்தது. தொட்டி வாணிகத்தின் வழியே வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. இன்று அது அங்குள்ள பாறைகளையும் கடற்புல் வெளிகளையும் கம்பளம்போல் மூடி, உள்ளூர்ப் பவளங்களை மூச்சுத் திணற வைக்கிறது. ஒரு வீட்டு அலங்காரம் ஒரு கடற்கரையின் நோயாயிற்று. மிகுந்த துண்டை இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். செத்ததைக் குப்பையில் போடுங்கள். கடலுக்கும் வாய்க்காலுக்கும் வேண்டாம்.

நண்பர்களே, நம் மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் எளியது. ஊரிலிருந்து பவளக்கல் கொண்டுவராதீர். யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள். மாமனே கேட்டாலும் சொல்லுங்கள். கடையில் வாங்குவோர் "இது எந்தத் தொட்டியில் வளர்ந்தது?" என்று கேளுங்கள், விடை வராவிட்டால் பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வளர்க்க உண்மையாகவே ஆசையுள்ளவர் முதலில் ஆறு மாதம் வெறும் நீரையும் கல்லையும் வளர்த்துப் பாருங்கள். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதைத் தொட்டியே சொல்லிவிடும்.

மாமாவின் பவளம் இப்போது குடையளவு ஆகவில்லை; தேநீர்க் கிண்ணத்தின் வாயளவு ஆகியிருக்கிறது. அடுத்த தீபாவளிக்குள் வெட்டலாம் என்று நொய்டா அன்பர் சொல்கிறார். முதல் துண்டு யாருக்கு என்று வீட்டில் இப்போதே வழக்கு நடக்கிறது. ஆறு மாதம் தொட்டியைக் காத்து, சோதனைக் கணக்கை எழுதி வந்து காட்டுபவர் நம் மன்றத்தில் யாராயினும், அவருக்கே கொடுப்பதென்று மாமாவிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.

தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "எங்கேருந்துல எடுத்தான்?" என்று முதலில் கேட்டார். "ஒரு வீட்டுலேருந்து" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.